மாசிலாமணி எடுத்த வெற்றிலை

ஆடி மாதத்து உச்சிப்பொழுதில் பொன்னுலிங்கம் தோவாளையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்த காற்று முதலில் அவன் வேட்டியைப் பிடித்தது, அப்புறம் துண்டை. இரண்டையும் விட்டுவிட்டு மடியில் இருந்த வெற்றிலையை மட்டும் கையால் அழுத்திக்கொண்டான். அது பறந்து போனால் வந்த காரியமே போயிற்று.

பேண்டு செட்டில் ஒருவனைச் சேர்ப்பதற்கு அந்தக் காலத்தில் எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. செட்டு தொடங்குகிறவன் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பான். எடுத்தவன் செட்டுக்காரன். அப்புறம் அழைத்தவனாக அவனை விலக்க முடியாது. விலக நினைப்பவன் அன்று எடுத்த அதே வெற்றிலையை, சருகாகிப் போயிருந்தாலும், தன் கையால் திருப்பி வைக்க வேண்டும். அழைத்தவன் அதை மென்று துப்ப வேண்டும். அவன் மெல்லாவிட்டால் விலகலும் இல்லை. பெண்டாட்டியைத் தள்ளி வைத்தாலும் வைக்கலாம், வெற்றிலை எடுத்தவனைத் தள்ள முடியாது என்று பேண்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

பொன்னுலிங்கம் கார்னெட் என்ற பித்தளைக் குழல் வாசிப்பவன். மீசை கறுத்து அதிக காலம் ஆகவில்லை. நாகர்கோவிலில் பெரிய செட்டு ஒன்றில் இருந்தான். அங்கே மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சினிமா மெட்டு, மாதா கோவில் சப்பரத்துக்குக் கீர்த்தனை மெட்டு. இவனுக்கோ சொந்தமாக ஒரு மெட்டு தலைக்குள் புகுந்துவிட்டது. அதை வாசிக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டான்.

“உனக்க மெட்டை உனக்க கல்யாணத்துக்கு வாசி லே. அடுத்தவன் கல்யாணத்துல அடுத்தவன் கேட்டதை வாசி” என்றார் அவர்.

அன்றைக்கே வெற்றிலையைத் திருப்பி வைத்துவிட்டு வந்தான். அவரும் அங்கேயே மென்று, அவன் காலடியிலேயே துப்பினார்.

சொந்த மெட்டு என்று பெருமையாகச் சொன்னாலும் அவனிடம் இருந்தது அதில் பாதிதான். ஏறுகிற பாதி. இறங்குகிற பாதி எத்தனை நாள் முட்டியும் வரவில்லை. அதனால் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது, நடந்தால் கால் நிற்காது. சோற்றுக்கு முன்னால் இருந்தாலும் உதடு மட்டும் கார்னெட் ஊதுகிற மாதிரி குவிந்தே இருக்கும். தங்கை செல்லபாய், “எண்ணே, சோத்துக்கு எதுக்கு முத்தம் குடுக்க?” என்று கேலி செய்வாள்.

தனி மரம் தோப்பாகாது. சைடு டிரம்முக்கு மாமன் மகன் சுயம்புலிங்கம் வெற்றிலை எடுத்தான். பெரிய டிரம்முக்குக் கடியப்பட்டணத்துக் கபிரியேல் எடுத்தான். அலையைக் கேட்டு வளர்ந்தவன், அடித்தால் நெஞ்சுக்குள் விழும். கிளாரினெட்டுக்குத்தான் ஆள் இல்லை. பட்டாளத்து பேண்டில் வாசித்த மாசிலாமணி என்பவர் தோவாளையில் இருக்கிறார், இருமல் நோய் வந்ததிலிருந்து எந்தச் செட்டும் அவரை அழைப்பதில்லை என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். எப்போதோ கேட்ட பழைய சேதி. ஆசைப்பட்டவனுக்கு அதைப் பற்றி மேலே விசாரிக்கத் தோன்றவில்லை.

வீடு பிச்சிப்பூத் தோட்டங்களுக்குப் பின்னால் தனியாக நின்றது. அதிகாலையிலேயே பூப்பறித்துச் சந்தைக்குப் போய்விடுவார்கள், உச்சியில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது. ஓடு கறுத்த வீடு. கதவு ஒரு கையளவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. வெளியே அத்தனை வெயில் அடித்தும் வாசற்படியைத் தாண்டி ஒரு கீற்றுகூட உள்ளே போகவில்லை. புகையிலை வாசனை வந்தது. அதற்கு அடியில் வாடிப் புளித்த பிச்சிப்பூ வாசனையும் வந்தது.

“அண்ணே, ஆளு உண்டுமா?”

உள்ளே எதுவோ இழுபட்டது. பாயாக இருக்கலாம்.

“புதுசா ஒரு பேண்டு செட்டு தொடங்குதேன் அண்ணே. வெத்தில வச்சு விளிக்க வந்தேன்.”

காற்று நின்றது. ஆடியில், தோவாளையில், காற்று நிற்பது வழக்கமில்லை.

“வச்சிட்டுப் போ” என்றது குரல். குரலைவிட அதில் மூச்சுதான் அதிகம்.

பொன்னுலிங்கம் படியில் வெற்றிலையை வைத்து, பாக்கை மேலே வைத்து, ஒத்திகை நடக்கும் இடத்தையும் நாளையும் சொல்லி, கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். தோட்டத்து வேலி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். படியில் வெற்றிலை இல்லை. கதவு சாத்தியிருந்தது. வாய் நிறையச் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினான்.

ஒத்திகை சுயம்புலிங்கத்தின் தென்னவிளைத் தோப்பில், பொழுது சாயும் நேரத்தில் நடந்தது. மாசிலாமணி வரவில்லை. வராதவருக்காக எத்தனை நேரம் காத்திருப்பது என்று தொடங்கினார்கள். பொன்னுலிங்கம் தன் பாதி மெட்டை வாசித்தான். வழக்கமாக முட்டி நிற்கிற இடத்தில் முட்டி நின்றான்.

அந்த இடத்திலிருந்து கிளாரினெட் எடுத்தது.

விளையின் மண்சுவருக்கு அப்பாலிருந்து வந்தது அது. தாழ்ந்து, நெளிந்து, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கி மெட்டை முடித்து வைத்தது. பொன்னுலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் வெளியே நின்ற ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

“ஆளு வந்தாச்சு” என்றான் சுயம்புலிங்கம், அடியை நிறுத்தாமல்.

“வந்தா உள்ள வரப்பிடாதா?” என்றான் கபிரியேல்.

“இருமல்காரரு. அடுத்தவன் மூஞ்சிக்கு நேர இருமக்கூடாதுண்ணு அங்க நிக்காரு” என்றான் பொன்னுலிங்கம். அந்தச் சமாதானம் அவனுக்கே பிடித்திருந்தது.

முடிந்ததும் சுவரேறிப் பார்த்தான். யாரும் இல்லை. மண்ணில் வெற்றிலைச் சாறு சிவப்பாகத் துப்பிக் கிடந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.

முதல் அழைப்பு ஆவணியில் வந்தது. சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கம் வயல்காட்டு ஊர் ஒன்றில், வள்ளிநாயகம் பிள்ளை வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் பொன்னுலிங்கம் முன்னால் நடந்தான், டிரம்கள் இரண்டு பக்கமும் வந்தன, கிளாரினெட் பின்னாலிருந்து கேட்டது. கூட்டத்தில் திரும்பிப் பார்க்க வழியில்லை. தெருவில் நின்றவர்கள் இது எந்தப் படத்துப் பாட்டு என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். எந்தப் படத்துப் பாட்டும் இல்லை என்று தெரிந்தபோது இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பொன்னுலிங்கம் தரையில் நடக்கவில்லை.

அப்புறம் பேண்டுக்காரர்களுக்குப் பின்கொட்டகையில் இலை போட்டார்கள். பந்தியைக் கவனித்தவர் பிள்ளையின் தம்பி சிவதாணு.

நாலு இலை.

“மூணு பேருதான் சார்வாள்” என்றான் சுயம்புலிங்கம். “கிளாரினெட் அண்ணன் கூட்டத்துல கலைஞ்சு போயிட்டாரு போல.”

“என்னப்பா சொல்லுத? இப்பம்தானே இவனுக்குப் பின்னால நின்னாரு. கறுத்த கோட்டு. இந்த வேக்காட்டுல கோட்டு எதுக்குன்னு நானே கேட்டேன். வருவாரு, இலை கெடக்கட்டும்” என்று சிவதாணு நாலாவது இலையிலும் சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகையின் மூலையில் மணவறைக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தவள் தோவாளைப் பூக்காரி முத்துக்கனி. பொன்னுலிங்கம் சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் பேச்சுக் கொடுத்தான்.

“எக்கா, மாசிலாமணி அண்ணன் உங்க ஊருதானே? இனி அவருக்குச் சேதி சொல்லணும்ணா உங்ககிட்ட சொன்னா போதுமா?”

அவள் நாரை விரலிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எந்த மாசிலாமணி? கிளாரினெட்டா?”

“ஆமா.”

“அவரைச் சித்திரையிலே அடக்கியாச்சே மக்கா. கடைசியில கஞ்சித்தண்ணி ஊத்தினது நாந்தான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சாவுத வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தாரு, பாவம். யாராவது வெத்தில வச்சு விளிக்க வருவாவன்னு. ஒருத்தனும் வரல்ல. வீட்டுச் சாவி அண்ணு தொட்டு எனக்க இடுப்புலதான் கெடக்கு. ஒரு நாளும் திறக்கல்ல.”

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள்.

அவன் போனது ஆடியில். கதவு கையளவு திறந்திருந்தது.

“பொன்னு” என்றான் கபிரியேல், மெதுவாக. “எலையப் பாரு.”

மூன்று பேரும் பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். நாலாவது இலை மூடியிருந்தது. வயிறு நிறைந்தவர்கள் மடிக்கிற மாதிரி, தன் பக்கமாக மடித்து.

சுயம்புலிங்கம் இலையைத் திறந்து பார்த்தான். சோறும் பருப்பும் வைத்தபடியே இருந்தன. உள்ளேயிருந்து வாடிப் புளித்த பிச்சிப்பூ வாசனை வந்தது.

மறுநாள் விடிந்ததும் கபிரியேல் வந்து, காய்ந்துபோன தன் வெற்றிலையைப் படியில் வைத்தான். கழுத்தில் மாதா சுரூபம் புதிதாகத் தொங்கியது. “மென்னு துப்பிரு பொன்னு. நான் கடலுக்கே போறேன். கடல்ல செத்தவன் கரையில வந்து சோறு கேக்க மாட்டான்.”

பொன்னுலிங்கம் வெற்றிலையைப் பார்த்தான். மென்றால் கபிரியேல் போவான், அவனுக்குப் பின்னால் சுயம்புலிங்கம் போவான். அப்புறம் செட்டு ஏது, மெட்டு ஏது? மறுபடியும் பாதி மெட்டோடு எவன் செட்டிலாவது போய் நிற்க வேண்டும். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் தெருவே நின்று கேட்டதே, அந்த ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“மெல்ல மாட்டேன்” என்றான்.

கபிரியேல் வெற்றிலையை எடுத்துத் திரும்ப மடியில் செருகினான். “பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கை மரம் ஏறித்தானே ஆவணும்” என்று டிரம்மைத் தூக்கிக்கொண்டான். கூட வந்திருந்த சுயம்புலிங்கம் நெற்றியில் திருமண்ணை அழுத்தி இட்டு, தன் சாமியை நினைத்து, “அய்யா உண்டு” என்று மட்டும் சொன்னான்.

ஆவணி முழுக்க அழைப்பு வந்தது, புரட்டாசியிலும் விடவில்லை. எங்கே போனாலும் கிளாரினெட்டைத்தான் முதலில் புகழ்ந்தார்கள். எங்கே போனாலும் ஓர் இலை கூடுதலாகப் போட்டார்கள்.

ஒரு நாள் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது பொன்னுலிங்கம் கார்னெட்டை மடியில் வைத்திருந்தான். பின்னால் கிளாரினெட் தானாகத் தொடங்கியது. நீண்ட ஒரே சுரம். அது நீள நீள அவன் நெஞ்சு ஒடுங்கியது. அவன் ஊதவில்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை. அவன் விடாத மூச்சு அவனிடமிருந்து போய்க்கொண்டிருந்தது.

சுரம் நின்றது.

மூச்சு திரும்பி வந்தது. கூடவே இருமலும் வந்தது.

செத்தவனுக்கு ஏது மூச்சு? இத்தனை நாள் யாருடைய மூச்சில் அந்தக் கிளாரினெட் பாடியது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அவன் தேய்ந்தான். சட்டை தொளதொளத்தது. படி ஏறினால் நின்று நின்று ஏறினான். ஒரு நாள் உச்சிக்குப் படுத்து எழுந்தவனிடம் செல்லபாய் வந்து உட்கார்ந்தாள். கேலி செய்கிற முகம் இல்லை அது.

“எண்ணே, நீ ஒறங்கும்போ உனக்க மூச்சுச் சத்தம் கேக்கல்ல.”

“பின்னே?”

“வேலிக்கு அங்கிட்டு கேக்கு.”

அந்த வாரம்தான் பெரிய அழைப்பு வந்தது. திருவிதாங்கூரை விட்டு இந்தத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேருகிற நாள். நாகர்கோவிலில் ஊர்வலம். பழைய முதலாளியின் செட்டும் வருகிறது. இவனை வரச்சொன்னவர்கள் கேட்டது ஒன்றுதான். உங்கள் சொந்த மெட்டு, அந்தக் கிளாரினெட்டோடு.

பொன்னுலிங்கம் அன்றைக்கே தோவாளைக்கு பஸ் ஏறினான்.

ஐப்பசி மழை பெய்து தோட்டமெல்லாம் சேறாகக் கிடந்தது. கதவில் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் சிலந்தி வலை, வலையில் மழைத்துளி. பல மாதமாக யாரும் தொடாத பூட்டு. அவன் படியில் உட்கார்ந்தான், நிற்கத் தெம்பில்லை.

“அண்ணே, நான் பொன்னுலிங்கம்.”

உள்ளே பாய் இழுபட்டது.

“வெத்திலையைத் திருப்பி வச்சிருங்கண்ணே. எனக்கு மூச்சு எத்தல்ல. நான் செத்துருவேன்.”

கதவுக்கு மறுபக்கம், அவன் காதுக்கு நேராக, இருமல் கேட்டது.

“ஒருத்தனும் விளிக்கல்ல” என்றது குரல். “நீதான் விளிச்ச.”

“தெரியாம விளிச்சிட்டேன் அண்ணே.”

“மெட்டு நல்லாத்தானே இருந்து?”

பொன்னுலிங்கம் அழுதான். அதற்குப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை. “நல்லா இருந்து” என்றான்.

கதவுக்குப் பின்னால் பாய் மறுபடியும் இழுபட்டது.

“ஊர்வலம் வாசிச்சுக்கிடுதேன்” என்றது குரல். “அண்ணு பொழுது சாயும்போ உனக்க படியில வெத்தில இருக்கும்.”

நவம்பர் முதல் தேதி நாகர்கோவில் தெருவில் தலைக்கு மேல் தலை. மணிமேடைப் பக்கம் வந்தபோது பொன்னுலிங்கம் மெட்டை எடுத்தான். கபிரியேல் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். பாதி வந்தது. கிளாரினெட் எடுத்தது. அப்படி ஒரு வாசிப்பை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. பழைய முதலாளியே தன் செட்டைக் கையமர்த்தி நிறுத்திவிட்டுக் கேட்டார். அது முடியவே இல்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நின்று, நீண்டு, இன்னும் நீண்டு போயிற்று.

பொன்னுலிங்கம் முழங்காலில் விழுந்தான்.

கண் இருட்டியது. காதில் கிளாரினெட் மட்டும் இருந்தது.

அப்புறம் அது இறங்கியது, முடித்தது. மூச்சு வெள்ளம் மாதிரி அவன் நெஞ்சுக்குள் திரும்பி வந்தது. இருமல் வரவில்லை. ஆவணிக்குப் பிறகு முதல் தடவையாக அடிவயிறு வரைக்கும் மூச்சு இழுத்தான். சுற்றி ஊரே கைதட்டியது.

வீட்டுக்கு ஓட்டமாக வந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மழை தூறியது. படியில் வெற்றிலை இருந்தது, மேலே பாக்கு.

சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். பொன்னுலிங்கத்துக்கு அவர்மேல் அன்புகூட வந்தது. படியிலேயே உட்கார்ந்து, நன்றாக மென்று, வேலியோரம் துப்பினான். சிவப்பாக விழுந்தது. தீர்ந்தது என்று வாய்விட்டுச் சொன்னான். கார்னெட்டை ஆணியில் மாட்டிவிட்டு வந்து சுவரில் சாய்ந்தான். வெகுநாளைக்குப் பிறகு அவன் கால் சும்மா இருந்தது.

செல்லபாய் விளக்கோடு வந்து அவன் வாயைப் பார்த்தாள்.

“ஏது வெத்தில?”

“நான் மாசிலாமணிக்கு வச்சது. திருப்பி வச்சிட்டாரு. மென்னு துப்பியாச்சு.”

“நீ வச்சது ஆடியில.” அவள் விளக்கைத் தாழ்த்தி, வேலியோரம் கிடந்த சக்கையைப் பார்த்தாள். பிறகு படியைப் பார்த்தாள். கிள்ளிப் போட்ட காம்பு அங்கே கிடந்தது. எடுத்து விரலில் உருட்டினாள். பச்சையாக இருந்தது. நுனியில் சாறு கசிந்தது. “ஆடியில வச்ச வெத்தில சருகாயிருக்கும். இது இண்ணைக்குக் கொடியிலேருந்து கிள்ளினது.”

அவன் புறங்கையால் வாயைத் துடைத்தான்.

“எண்ணே, இது உனக்க வெத்தில இல்ல” என்றாள் மெதுவாக. “இது உன்னை யாரோ விளிச்ச வெத்தில.”

தூறல் நின்றது. வாடிப் புளித்த பிச்சிப்பூ வாசனை வந்தது.

வேலிக்கு அப்பால் கிளாரினெட் தொடங்கியது. இந்தத் தடவை அது எடுத்தது முதல் பாதியை. ஏறுகிற பாதி, பொன்னுலிங்கத்தின் சொந்தப் பாதி. அதற்குப் பின்னால் டிரம்கள் கேட்டன. கபிரியேலின் அடி இல்லை, சுயம்புலிங்கத்தின் அடி இல்லை. ஏதோ வேறு கைகள். மெட்டு ஏறி, எப்போதும் முட்டி நிற்கிற இடத்தில் வந்து நின்றது. நின்று காத்திருந்தது.

செல்லபாய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

உள்ளே, ஆணியில் மாட்டியிருந்த கார்னெட் மெதுவாக இரண்டாம் பாதியை எடுத்தது. அவள் பிடித்திருந்த கைக்குப் பக்கத்தில், அவன் நெஞ்சு ஒடுங்கத் தொடங்கியது.